நாலரை மணி வேலை: காலைக்குச் சம்பளம் யார் தருவது?

போன ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரியில் எங்கள் லைனில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) வளர்ந்த பெண் ஒருத்தி நாலு காகிதங்களோடு வீட்டுக்கு வந்தாள். கோயம்புத்தூரில் உடற்கல்விப் படிப்பான பி.பி.எட். முடித்து ஊர் திரும்பி நாலு மாதம் ஆகிறது. "அக்கா, நாலு எடத்துல கூப்பிடுறாங்க. எதுக்குப் போறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று காகிதங்களைத் தையல் மெஷின் மேலேயே பரப்பினாள். ஒன்று ஊட்டி போகும் ரோட்டில் இருக்கும் ரிசார்ட். ஒன்று போர்டிங் ஸ்கூல். ஒன்று பழங்குடி ஊர்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம். கடைசியாக, கோத்தகிரி டவுனுக்குள்ளேயே ஒரு மெட்ரிக் பள்ளி.

நாலிலும் செய்யப்போவது ஒரே வேலைதான்: ஆட்களைக் கூட்டி விளையாட வைப்பது. ரிசார்ட் அதற்கு 'ஆக்டிவிட்டி எக்ஸிகியூட்டிவ்' என்று பேர் வைத்திருக்கிறது. போர்டிங் ஸ்கூலில் 'ஸ்போர்ட்ஸ் டீச்சர் கம் வார்டன்'. தொண்டு நிறுவனத்தில் 'கம்யூனிட்டி ஆர்கனைசர்'. மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் 'பி.டி. மிஸ்'. பொழுதுபோக்கு என்ற சொல் ஒரு காகிதத்திலும் இல்லை. அந்தச் சொல்லுக்கே நம்மிடம் கொஞ்சம் இளப்பம் உண்டு. பொழுதைப் போக்குகிறவளுக்கு யார் கூலி கொடுப்பார்?

நான் பதினோரு வருடமாக எங்கள் லைன் சமுதாயக் கூடத்தில் சாயங்கால விளையாட்டு நடத்துகிறேன். இரண்டு வருடம் ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்தது. மீதி ஒன்பது வருடமும் இந்தத் தையல் மெஷின்தான் கொடுத்தது. அதனால் அவளுக்கு என்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. மற்றவர்கள் வேலை முடிந்து, பள்ளி விட்டு வந்த பிறகுதான் நம் வேலையே தொடங்கும். நாலரைக்குப் பிள்ளைகள் வருவார்கள், ஆறு மணிக்குக் கலைவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூட. அதை வைத்து யாரும் முழுச் சம்பளம் தரமாட்டார்கள். மீதி நேரத்துக்கு, அதாவது உன் காலைக்கு, யார் சம்பளம் தருகிறார்கள், அதற்குப் பதிலாக உன் சாயங்காலத்தை எடுத்துக்கொள்கிறார்களா இல்லையா? நாலு காகிதத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் பார்த்தேன்.

கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்கு ஆறு மணிக்குக் கலைவது விந்தையாக இருக்கலாம். கோயம்புத்தூரில் எட்டு மணிக்கும் லைட் போட்டு ஷட்டில் ஆடுவார்கள். இங்கே ஐந்தரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மூடுபனி இறங்கும். இறங்கினால் எதிர்க் கோல் தெரியாது. ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு ஏறும், கரடி வரும், சில மாதங்களில் சிறுத்தையும். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் வேறு. கோத்தகிரியில் சாயங்கால வேலை செய்கிறவருக்கு மேலதிகாரி என்று ஒருவர் இருந்தால் அது அந்தக் கடைசி பஸ் டிரைவர்தான்.

இன்னொன்று, இடம். நீலகிரியில் விளையாட்டு என்றாலே சமதளம் எங்கே என்ற கேள்வி வரும். எங்கள் லைன் மைதானம் என்று நாங்கள் சொல்வது வாலிபால் கோர்ட்டைவிடக் கொஞ்சம் பெரிய திட்டு. மூன்று பக்கம் தேயிலை, ஒரு பக்கம் ஓடை. பந்து ஓடைக்குப் போனால் அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. அதனாலேயே எங்கள் பிள்ளைகள் யாரும் ஓங்கி அடிக்கமாட்டார்கள், எல்லாம் சின்னச் சின்ன பாஸ். மண்ணை வெட்டி மைதானத்தைப் பெரிதாக்கலாமே என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். இந்த மாவட்டத்தில் அனுமதி இல்லாமல் பொக்லைன் வைத்து மலையைச் சீவ முடியாது, கூடவும் கூடாது. 2009 நவம்பரில் மண் சரிந்து வீடுகள் போனதைப் பார்த்த யாரும் அதைக் கேட்கமாட்டார்கள்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு காகிதங்களுக்கு வருகிறேன்.

ரிசார்ட்

சம்பளம் மாதம் 18,000, சாப்பாடு, தங்குமிடம். நாலில் இதுதான் பெரிய தொகை. வேலை என்ன? காலையில் விருந்தினர்களை நடைக்குக் கூட்டிப் போவது, பிற்பகல் பிள்ளைகளுக்குக் கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், புதையல் தேடல், ராத்திரி கேம்ப் ஃபயர், அந்தாக்ஷரி. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் தெரியாத முப்பது பேரைப் பத்து நிமிடத்தில் சிரிக்க வைப்பது ஒரு கலை. அதை ரிசார்ட் மாதிரி வேறு இடம் கற்றுத் தராது. எனக்கு அது இன்றுவரை சரியாக வராது. புதுப் பிள்ளைகள் வந்தால் முதல் வாரம் தடுமாறுவேன்.

ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு வரி: வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. சனி ஞாயிறு கூட்டம், அதனால் லீவு நடுவாரத்தில். செவ்வாய்க்கிழமை எந்தப் பிள்ளை உனக்காக மைதானத்தில் நிற்கும்?

இதைவிடப் பெரிய சிக்கல் மே மாதம். நீலகிரிக்கு மட்டுமே உரிய சங்கடம் இது என்று நினைக்கிறேன். ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் எங்கள் பிள்ளைகள் நாள் முழுக்கச் சும்மா இருக்கிறார்கள். ஒரு சாயங்கால மையம் வருடத்திலேயே மிக நன்றாக நடக்க வேண்டிய மாதம் அது. காலை பத்துக்கே தொடங்கலாம். அதே மாதம்தான் சீசன். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். எங்கள் லைன் அண்ணன்மார் பாதிப்பேர் டாக்ஸி ஓட்டப் போய்விடுவார்கள், பெரிய பையன்கள் ஓட்டலில் டேபிள் துடைக்கப் போவார்கள், கிடைக்கிற சமதளமெல்லாம் பார்க்கிங் ஆகும். தேயிலைக் கொழுந்தும் அப்போதுதான் கூடி வரும். அம்மாக்கள் காட்டிலிருந்து திரும்ப நேரமாகும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் மிக அவசியமாகத் தேவைப்படுகிற மாதத்தில், பார்த்துக்கொள்ளத் தெரிந்த அத்தனை பேரையும் சுற்றுலா வாங்கிக்கொள்கிறது. ரிசார்ட் வேலைக்குப் போகிறவள் மே மாதம் ஊரில் இருக்கமாட்டாள், பக்கத்து வளைவில்தான் வேலை செய்தாலும்.

சீசனை நம்பிய சம்பளம் நிலையானதும் அல்ல. 2020ல் எல்லாம் மூடியபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் இந்த ஆக்டிவிட்டிப் பையன்களும் உண்டு. ஒருவன் எங்கள் லைனுக்குத் திரும்பி வந்து இலை பறித்தான். 2024 மேயிலிருந்து மலை ஏற இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. மலைக்கு அது நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனால் 18,000 என்ற அந்த எண் யார் கையில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

போர்டிங் ஸ்கூல்

மாதம் 16,000, அறை, மூன்று வேளைச் சாப்பாடு. நீலகிரிக்கும் போர்டிங் பள்ளிக்கும் பழைய உறவு. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858லேயே வந்துவிட்டது. இந்தப் பள்ளிகளின் மைதானங்களைப் பார்த்தால் எங்களுக்குப் பெருமூச்சு வரும். மலையில் சமதளம் எவ்வளவு அருமை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பச்சையின் விலை தெரியும். உடற்கல்வி படித்த ஒருத்திக்குத் தொழில் பழக இதைவிட நல்ல இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கான பாதை, ஹாக்கி, பாஸ்கெட்பால், முதலுதவி அறை, மூத்த ஆசிரியர்கள். இரண்டு வருடத்தில் அவள் கையில் வந்து சேரும் திறமை, என் பதினோரு வருடத்தில் எனக்கு வராதது.

இடிப்பது 'கம் வார்டன்' என்ற சொல். காலை ஐந்தரை உடற்பயிற்சியிலிருந்து ராத்திரி விளக்கணைக்கும் வரை அவள் நேரம் பள்ளியுடையது. காலைக்குச் சம்பளம் தருகிறார்கள், சாயங்காலத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் வெளியே வரலாம். கேட்டுக்கு உள்ளே இருக்கும் பிள்ளைகளும் பிள்ளைகள்தான், வீட்டை விட்டு வந்து போர்வைக்குள் அழுகிறவர்கள்தான். அவர்களுக்கும் ஓர் அக்கா வேண்டும். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இவள் என்னிடம் வந்து சொன்னது வேறு: "நம்ம லைன் பசங்களுக்கு ஏதாவது செய்யணும்க்கா." அதற்கு இந்த வேலை ஒத்துவராது. அவ்வளவுதான்.

தொண்டு நிறுவனம்

மனசு இங்கேதான் போகும். எனக்கும் போனது. கோத்தகிரிக்குக் கீழே குஞ்சப்பனைப் பக்கமும், மறுபக்கம் கரிக்கையூர்ப் பக்கமும் இருளர், குறும்பர் ஊர்கள். அங்கே பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைச் சேர்த்து விளையாட்டும் கொஞ்சம் பாடமும். மாதம் 14,000, பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். பஸ் ஒரு நாளைக்கு எண்ணி வரும், மீதிக்கு ஜீப். யானை ரோட்டில் நின்றால் ஜீப்பும் இல்லை.

கஷ்டத்துக்காக நான் இதை ஒதுக்கவில்லை. அந்த வேலைக்குப் பணம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போகச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, அதில் சொன்ன வரம்புக்குள் வருகிற பெரிய கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. கல்வி இருக்கிறது, சத்துணவு இருக்கிறது. விளையாட்டு என்று பார்த்தால், கிராமிய விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டு இவற்றுக்கான 'பயிற்சி' இருக்கிறது. பிள்ளைகள் சும்மா கூடி நொண்டி ஆடுவது என்று ஒரு வரி இல்லை. அதனால் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் நொண்டியை 'வாழ்க்கைத் திறன்' என்று எழுதுவார்கள், கயிறு தாண்டுவதை 'தலைமைப் பண்பு' என்று எழுதுவார்கள். பிறகு அதை அளந்து காட்ட வேண்டும். மாதக் கடைசியில் உனக்கு விளையாட நேரம் இருக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தலைமைப் பண்பு எத்தனை மதிப்பெண் ஏறியது என்று எக்செல் நிரப்பிக்கொண்டிருப்பாய். நான் நிரப்பியிருக்கிறேன். ஒரு மாதம் எல்லாருக்கும் மூன்று போட்டேன். யாரும் கேட்கவில்லை.

காலமும் அப்படித்தான். தொடர் திட்டம் என்று கணக்கு வைத்தால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஆனால் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் வந்து பன்னிரண்டில் போக ஏழு வருடம் ஆகும். என் இரண்டு வருடச் சம்பளம் ஒரு மார்ச் மாதம் நின்றது. புது நிதி வரவில்லை என்று ஏப்ரல் இரண்டாம் தேதி போனில் சொன்னார்கள். நிறுவனத்தின் பேரைச் சொல்வதில் பயன் இல்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள், அவர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கேரம் போர்டும் பந்துகளும் நிறுவனச் சொத்து என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல நாலரைக்கு வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் வீட்டிலிருந்த பழைய புடவையைக் கிழித்து முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டு போனேன். இந்தச் சாயங்கால வேலை தையல் மெஷினுக்கு மாறியது அப்படித்தான்.

மெட்ரிக் பள்ளி

மாதம் 11,000. நாலில் குறைந்த தொகை. அதிலும் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்று வாய்வழியாகச் சொல்லியிருக்கிறார்கள், காகிதத்தில் இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத பள்ளிகள் ஊருக்கு ஒன்றாவது உண்டு. இதுவும் அப்படியா என்று விசாரிக்க வேண்டும். விளையாட்டு விழாவுக்கு முன் இரண்டு மாதம் மார்ச் பாஸ்ட் பழக்கியே உயிர் போகும்.

ஆனால் பாருங்கள், மணி நாலுக்கு விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே லீவு. பள்ளியில் பாதிப் பிள்ளைகள் எங்கள் பக்கத்து லைன்களிலும் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் இருந்து வருகிறவர்கள். காலையில் பார்த்த முகத்தையே சாயங்காலமும் பார்க்கலாம். தொண்டு நிறுவனம் எங்கள் கூடத்துக்கும் ஒரு பகுதிநேர ஆள் தேடுகிறது, மாதம் 4,000 மதிப்பூதியம், பத்து மாதம். அது அவள் காகிதத்தில் இல்லை, நான் விசாரித்துச் சொன்னது.

கணக்கை அவள் முன்னாலேயே சாக்பீஸால் போட்டேன். ரிசார்ட் வருடத்துக்கு 2,16,000. போர்டிங் 1,92,000, வாடகையும் சாப்பாடும் மிச்சம். தொண்டு நிறுவனம் பதினோரு மாதத்துக்கு 1,54,000. மெட்ரிக் பள்ளி பதினோரு மாதத்துக்கு 1,21,000, கூடத்து மதிப்பூதியம் 40,000, ஆக 1,61,000. முழுநேரத் தொண்டு வேலையைவிட ஏழாயிரம் கூட, அதுவும் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். அந்த நாலாயிரம் ஒரு மார்ச்சில் நின்றாலும் காலைச் சம்பளம் நிற்காது. நான் இந்தக் கணக்கைப் பதினோரு வருடம் முன்பு போட்டிருந்தால் இன்னும் நல்ல மெஷினாவது வாங்கியிருப்பேன்.

ரிசார்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் 55,000. அவள் அப்பாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் இருக்கிறது. 55,000 சின்னத் தொகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டியலில் இல்லாதவை

எஸ்டேட்டில் இப்படி வேலை கிடையாதா என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவே பொழுதுபோக்கு வசதியைப் பற்றியதுதான். தொழிலாளருக்கும் பிள்ளைகளுக்கும் அதைச் செய்து தர முதலாளிக்கு விதி போடலாம் என்று மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 300 தொழிலாளருக்குக் குறையாத தோட்டத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது 18ஆம் பிரிவு. பல லைன்களில் சமுதாயக் கூடம், ரேடியோ, கேரம் போர்டு எல்லாம் வந்ததன் வேர் அங்கே இருக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. என் அப்பா இலங்கையிலிருந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி, எழுபதுகளில் வந்தவர். கடைசிவரை லைனை 'லயம்' என்றுதான் சொல்வார். கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நாடகம் நடந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் சட்டம் வசதியைப் பற்றிப் பேசுகிறது, அதை நடத்தும் ஆளைப் பற்றிப் பேசவில்லை. நல அலுவலர் என்று இருப்பவர் லீவு, ஆஸ்பத்திரி, பி.எஃப். காகிதம் என்று ஓடிக்கொண்டிருப்பார். தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு கேரம் போர்டுக்குப் பவுடர் வாங்கக்கூட யாரும் நினைப்பதில்லை.

அரசு வேலை? ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி நடக்கிறது. அங்கே கோச் ஆக நினைத்தால் பி.பி.எட். போதாது, பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோதான் பெரிய தகுதி. அந்த நிறுவனத்தில் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. அவள் வயதுக்கு அதை ஒரு கோடையில் முடித்து வைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளிகளில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்கள் 2012ல் 5,000 ரூபாயில், வாரத்துக்கு மூன்று அரை நாள் என்று சேர்ந்தார்கள். பன்னிரண்டு வருடம் போராடி 2024ல் 12,500க்கு வந்தார்கள், அப்போதும் நிரந்தரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2024ல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் கொடுத்தார்கள். அது உபகரணத் திட்டம், வேலைத் திட்டம் அல்ல. ஆனால் நம் கூடத்துக்குப் பந்து வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம்தான் என்று சொல்லி வைத்தேன்.

சொந்தமாகக் கோச்சிங் ஆரம்பிக்கலாம் என்று அவள் தம்பி சொன்னானாம். டர்ஃப் போட்டு மணிக் கணக்கில் வாடகைக்கு விடுவது இங்கேயும் வந்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை கொட்டும். கூடலூர், பந்தலூரில் ஆனி, ஆடியில் கொட்டும். முதல் போடப் பணம் இல்லாதவர்களுக்கு இது பேச்சுக்கு நன்றாக இருக்கும்.

படகர் ஹட்டிகளில் வேலை தேடலாமே என்றும் ஒரு யோசனை. அங்கே நிலைமை வேறு. ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள், இளைஞர்கள் தாங்களே அணி சேர்த்து கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள், ஹெத்தையம்மன் திருவிழா என்றால் ஊரே வெள்ளை உடுத்திக் கூடி ஆடும். கூட்டி வைக்க அவர்களுக்கு வெளி ஆள் தேவை இல்லை. ஒரு நல்ல கோச் வேண்டுமானால் தேவைப்படும். எங்கள் லைனில் அப்படி இல்லை. நாலு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள், கூடத்துச் சாவியை யாராவது ஒருவர் தினமும் திறந்தால்தான் கூடும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எறிபந்து தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் யாரும் வரவில்லை. தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு, துவைக்கிற வேலை. பிள்ளைகளைப் பக்கத்திலேயே விளையாட வைத்து ஒரு பெரிய பெண்ணைக் காவலுக்குப் போட்ட பிறகுதான் ஏழு பேர் வந்தார்கள். இப்போது இரண்டு அணி.

கையெழுத்துக்கு முன்

எங்கே போனாலும் சிலவற்றைக் காகிதத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். வாய்ச் சொல்லில் வேண்டாம். பி.எஃப். உண்டா? இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் கட்ட வேண்டும். 21,000க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. பற்றியும் கேட்க வேண்டும். மழைக்கு மாற்று இடம் என்ன? ஒரு பிள்ளை கையை உடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ஆறு மணிக்கு மேல் வேலை என்றால் அவளை வீடு சேர்ப்பது யார்?

பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிய வந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. 'முதலில் மேனேஜ்மெண்ட்டிடம் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிற இடத்தில் அந்தப் பேச்சை நம்பி உட்காரக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். இன்டர்வியூவில் இதைப் பற்றி அவளே கேட்டுப் பார்க்கட்டும். பதில் சொல்கிறவர் முகத்தைப் பார்த்தாலே அந்த இடம் எப்படி என்று தெரிந்துவிடும்.

என் கட்சி மெட்ரிக் பள்ளிதான், மே மாதச் சம்பளத்தை எழுதித் தந்தால். எழுதித் தராவிட்டால் போர்டிங் ஸ்கூலுக்கு இரண்டு வருடம் போய்த் தொழிலைப் பழகிக்கொண்டு வரட்டும். கூடம் எங்கேயும் போகாது, நானும் இன்னும் கொஞ்ச நாள் கயிறு சுற்றுவேன். தொண்டு நிறுவனத்துக்கு முழுநேரமாகப் போவதென்றால் கடன் அடைந்த பிறகு போகலாம். ரிசார்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சீசன் மட்டும் போய் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும் என்றேன். அவள் அம்மா முகம் அந்தப் பேச்சில் கொஞ்சம் தெளிந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்க் கேட்டுவிட்டாள். கரஸ்பாண்டன்ட் ஊரில் இல்லை, வியாழக்கிழமை சொல்கிறோம் என்றார்களாம். ரிசார்ட்டுக்காரர்கள் புதன்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள்.